நான்காம் மாடிக் குட்டிக்கு நரிக்குடியிலிருந்து

தாயி,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். இரண்டு மாத ஷிட்ஸூ குட்டி, நான்காம் மாடி வீடு, கண்ட இடத்தில் போய்விடுகிறது, எப்படிப் பழக்குவது என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கால்நடை ஆய்வாளராக நான் வேலை பார்த்ததெல்லாம் நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பொட்டல்காட்டில். ஊசி போட்டது பெரும்பாலும் ஆட்டுக்கும் மாட்டுக்கும். ஆனால் கிடை இருக்கிற இடத்தில் நாய் இல்லாமல் இராது. ஓய்வு பெற்றபின் சென்னையில் உன் அக்கா வீட்டில் தங்கியிருந்த காலத்தில் அடுக்குமாடி நாய்களையும், அவற்றை வளர்க்கிறவர்கள் படும் பாட்டையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டு இடத்திலும் கண்டதை வைத்துச் சொல்கிறேன். குட்டியைவிட உன்னைப் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கும். வருத்தப்படாதே. பழக வேண்டியதில் பெரும்பங்கு உன்னுடையது.

1. முதலில், குட்டியிடம் குற்றம் தேடுவதை விடு. எங்கள் பக்கம் கிடைநாய் ஈனும்போது வேலிக்கருவைத் தூருக்கடியில் குழி பறித்துக்கொள்ளும். முதல் மூன்று வாரம் குட்டிகளுக்குத் தானாக மூத்திரம் போகாது. தாய் அடிவயிற்றை நக்கிவிட்டால்தான் போகும். போனதையும் அவளே நக்கியெடுத்துக் குழியைச் சுத்தமாக வைத்துக்கொள்வாள். கால் ஊன்றத் தெரிந்ததும் குட்டிகள் தள்ளாடித் தள்ளாடிக் குழியைவிட்டு வெளியே வந்து போய்விட்டுத் திரும்பும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. படுக்கிற இடத்தை அசிங்கப்படுத்தக் கூடாது என்ற அறிவு நாய்க்குப் பிறப்பிலேயே உண்டு. உன் குட்டிக்கும் உண்டு. ஆனால் அதன் கணக்கில் வீடு என்பது தான் படுத்திருக்கும் இரண்டடித் துணி மட்டும்தான். உன் ஹால் அதற்கு வெளிக்காடு. துணியைவிட்டு இறங்கி, பத்தடி நடந்து, உன் தரைவிரிப்பில் மூத்திரம் பெய்த குட்டி தன் அறிவுக்கு எட்டிய வரைக்கும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. இதை நீ மனசார நம்ப வேண்டும். நம்பினால் பாதிக் கோபம் அங்கேயே அடங்கிவிடும்.

2. அதன் உலகத்தைச் சிறிதாக்கிக் கொடு. முதல் நாளே எல்லா அறையையும் திறந்துவிடுகிற பாசம் அதற்கு உதவாது. ஹாலில் பால்கனியை ஒட்டிய மூலையை, பால்கனியையும் சேர்த்துத் தடுப்பு வைத்து அடை. ஒரு பக்கம் படுக்கை, தண்ணீர்க் கிண்ணம். எதிர்ப் பக்கம், பால்கனியில், அது போக வேண்டிய ட்ரே. நீ கண்ணெடுக்காமல் பார்த்துக்கொள்ள முடிகிற நேரத்தில் மட்டும் வெளியே விடு. அந்த மூலையில் இரண்டு வாரம் தவறு நேரவில்லையென்றால் ஹால் முழுவதையும் கொடு. அதற்குப் பிறகு ஒவ்வோர் அறையாகத் திற. திறக்கிற அறையில் நீயும் கூட உட்கார், அங்கேயே அதற்குச் சோறு வை, அங்கேயே விளையாடு. தான் உண்டு உறங்கிய இடத்தைத்தான் நாய் தன் வீடாக எண்ணும். நான்கு அறையும் அதன் மனத்துக்குள் வீடாக மாறுவதற்கு நாள் பிடிக்கும்.

3. குட்டி எங்கிருந்து வந்தது என்று விசாரி. தாயோடு வீட்டில் வளர்ந்த குட்டி என்றால் உனக்குப் பாதி வேலை முடிந்தது. கடைக் கூண்டில் கிடந்த குட்டி என்றால் போனதிலேயே படுத்துப் பழகியிருக்கும். விலகிப் போக இடமில்லாததால் பிறவி அறிவு மழுங்கியிருக்கும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசு விதி போட்டது காரணமில்லாமல் இல்லை. எந்தத் தரையில் போவது என்ற பழக்கம் குட்டிக்குப் படிவதும், தாயிடமும் கூடப்பிறந்தவையிடமும் அடக்கம் கற்பதும் அந்த வாரங்களில்தான். கூண்டுக் குட்டிக்கும் பழக்கம் வரும், தாயி. ஆனால் பக்கத்து வீட்டுக் குட்டி பத்து நாளில் கற்றதே என்று ஒப்பிட்டு அதை வதைக்காதே. அதன் முதல் இரண்டு மாதத்தில் நடந்ததற்கு அது பொறுப்பில்லை.

4. நேரந்தவறாமை என்ற ஒரு குணம் உனக்கு வந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. கால்நடை மருத்துவர்கள் சொல்லும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம்தான் அதனால் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. அதுகூட உச்சம், தூங்குகிறபோதுதான் பொருந்தும். விழித்து ஓடியாடுகிறபோது ஒரு மணிக்கு ஒரு தடவை போகும். சிறு இனத்துக்கு மூத்திரப்பையும் சிறியது என்பதால் இன்னும் குறைத்தே கணக்குப் போடு. தூங்கி எழுந்த உடனே, தண்ணீர் குடித்த பின், விளையாடி ஓய்ந்ததும், சாப்பிட்டுக் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் என இந்த நான்கு வேளையும் நீயாகவே தூக்கிக்கொண்டு போய் ட்ரேயில் விடு. அது கேட்கும் என்று காத்திருக்காதே. கேட்கத் தெரிய இன்னும் பல வாரம் ஆகும். தரையை மோந்துகொண்டே வட்டம் போடுவது, விளையாட்டின் நடுவில் திடீரென்று சத்தமில்லாமல் ஒதுங்குவது என்று அதற்கும் ஒரு பாஷை இருக்கிறது. கவனித்தால் பிடிபடும்.

ஒரு நோட்டுப் போடு. எத்தனை மணிக்குத் தின்றது, எத்தனை மணிக்குப் போனது, எங்கே போனது என்று எழுது. ஊர் ஊராகக் கோமாரி ஊசி போட்டுத் திரிந்த காலத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது பதிவேடுதான். ஞாபகம் நம்மை ஏமாற்றும், எழுதினது ஏமாற்றாது. ஒரு வாரத்தில் உன் குட்டியின் நேரம் உனக்குத் தெரிந்துவிடும். சாப்பாடு நேரத்துக்கு வைத்தால் வெளிக்குப் போவதும் நேரத்துக்கு வரும். இந்தச் சின்ன உடம்புக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை கொடுக்க வேண்டும். வெகுநேரம் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கிச் சுருண்டுவிடும். தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் குறையும் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதே. சென்னை வெக்கையில் குட்டிக்குத் தண்ணீரை மறுப்பது பாவம்.

5. ராத்திரியில் எழுந்திரு. வேறு வழியில்லை. படுக்கப் போகுமுன் ஒரு தடவை, நடுச்சாமத்தில் ஒரு தடவை, விடிகாலையில் ஒரு தடவை. விளக்கைப் பளீரென்று போடாமல், கொஞ்சாமல், பேசாமல் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்து படு. மூன்று மாதம் தாண்டினால் நடுச்சாமத்து எழுச்சி மெல்ல நின்றுவிடும். முதல் சில நாள் தாயைத் தேடி அழும். தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்தாதே. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் அதன் படுக்கையைப் போட்டு, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு தூங்கு.

6. ட்ரே எங்கே, அதில் என்ன என்பதை முதல் நாளே தீர்மானித்துவிடு, பிறகு மாற்றாதே. தடுப்பூசிகள் முடியுமுன் தெருவிலோ, மற்ற நாய்கள் போகிற புல்தரையிலோ குட்டியின் கால் படக் கூடாது. பார்வோ என்று ஒரு வைரஸ் இருக்கிறது. 1978-இல்தான் உலகம் அதை அடையாளம் கண்டது. இரண்டே வருஷத்தில் கண்டம் கண்டமாகப் பரவிவிட்டது. நோயுற்ற நாயின் கழிவிலிருந்து மண்ணில் விழுந்தால் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் கண்டு, இரண்டு மூன்று நாளில் ஆளைக் கொண்டுபோய்விடும். 6-லிருந்து 8 வாரத்துக்குள் முதல் ஊசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போட வேண்டும். அதுவரை அதன் உலகம் உன் வீடும் பால்கனியும்தான்.

ட்ரேயில் என்ன வைப்பது? நிறையப் பேர் செய்தித்தாளை விரிக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பேப்பரில் போகலாம் என்று கற்ற குட்டி, வீட்டில் ஒருவர் படித்துவிட்டுத் தரையில் வைத்த பேப்பரிலும் போகும். அதைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்? கடையில் விற்கும் பஞ்சுப் பேடும் அப்படித்தான், கால்மிதியைப் பார்த்தால் அதற்குப் பேடாகத் தெரியும். நர்சரியில் கிடைக்கும் அகல ட்ரேயில் தென்னைநார்த் தூளும் மண்ணும் கலந்து போட்டு, மேலே ஒரு துண்டுப் புல் பதித்து வை. வாரத்துக்கு ஒரு முறை மாற்று. காலுக்குக் கீழே மண்ணும் புல்லும் இருந்தால்தான் போவது என்று அது பழகிவிட்டால், ஊசியெல்லாம் முடிந்து கீழே இறங்குகிற நாளில் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைச் சாலையில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போதும் பால்கனி ட்ரே கைகொடுக்கும். சாரல் படாத ஓரமாகப் பார்த்து வை, நனைந்த புல்லில் இந்த நாய்கள் கால் வைக்காது. பால்கனியைக் குழாய் போட்டு அடித்துக் கழுவாதே. கீழ் வீட்டுக்காரர் துணி உலர்த்தியிருப்பார்.

7. இது எல்லாவற்றிலும் பெரியது. கை ஓங்காதே. மூக்கைப் பிடித்து மூத்திரத்தில் தேய்க்காதே. கத்தாதே.

அடியாத மாடு படியாது என்று நம் ஊரில் சொல்வார்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். இந்த இரண்டு சொல்லையும் நம்பி எத்தனை மாட்டின் கண்ணையும் எத்தனை பிள்ளையின் மனத்தையும் கெடுத்திருக்கிறோம் என்று நான் பார்த்திருக்கிறேன். நாய் விஷயத்தில் அது முழுப் பொய். அரை மணிக்கு முன்னால் போனதற்கு இப்போது அடித்தால், எதற்கு அடிக்கிறாய் என்று அதற்குத் தெரியாது. இந்த மனுஷி இருக்கிற இடத்தில் போகக் கூடாது என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும். அப்புறம் கட்டிலடியில் போகும், பீரோவுக்குப் பின்னால் போகும், நீ ட்ரேக்குத் தூக்கிக்கொண்டு போனால் உன் முன்னால் போகாமல் அடக்கிக்கொண்டு நிற்கும். செய்தது தெரிந்து தலையைக் குனிகிறது பாருங்கள் என்பார்கள். அது உன் முகத்தைப் பார்த்துப் பயந்த குனிவு.

கடுஞ்சொல் நாயை எப்படி வருத்தும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நரிக்குடிக்குப் பக்கத்துத் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தவர் ரமண மகரிஷி. திருவண்ணாமலையில் அவர் விருபாட்சி குகையில் இருந்த காலத்தில் சின்னக் கருப்பன் என்று ஒரு நாய் வந்து சேர்ந்தது. உடல் முழுக்கக் கறுப்பு. முதலில் யாரையும் அண்டாமல் புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாய், ஒரு நாள் தானாகவே வந்து அவர்மேல் தாவி வாலாட்டியது. அன்றிலிருந்து குகைவாசிகளில் ஒருவன். ஒரு முறை கூட இருந்த பழனிசாமி அதனிடம் கடுமையாகப் பேசிவிட்டார். குளிரும் மழையுமான ராத்திரி. கருப்பன் அப்படியே வெளியேறிப் போய், கொஞ்ச தூரத்தில் கிடந்த கரிமூட்டையின் மேல் இரவு முழுக்கப் படுத்திருந்தது. காலையில்தான் போய் அழைத்துவந்தார்கள். பிறகொரு நாள், நாயைத் தீட்டாக நினைக்கும் ஒருவர் மந்திரம் ஜபித்துக்கொண்டிருந்த இடத்துக்கு அது போனது. அவர் மனம் நோகக் கூடாதென்று ஆசிரமத்து ஆள் ஒருவர் தடியெடுத்து ஒரு தட்டுத் தட்டினார். பலமான அடிகூட இல்லை. கருப்பன் அலறிக்கொண்டு ஓடியது. அப்புறம் யார் கண்ணிலும் படவே இல்லை. இதையெல்லாம் மகரிஷியே சொல்லியிருக்கிறார். பிராணிகளுக்கும் புத்தியும் கொள்கையும் உண்டு, கடுமையாக நடத்தக் கூடாது என்று உடனிருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னார். அவர் நாயை அது என்று சொல்லமாட்டார், அவன், அவள் என்பார். ரமணாசிரமத்தில் ஜாக்கி என்ற நாய்க்குச் சமாதியே இருக்கிறது, போனால் பார்.

எங்கள் ஊரில் கரிமூட்டம் போடுகிற இடங்களில் அடுக்கிய சாக்கு மூட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாயின் ஞாபகம் வரும். ஒரு கடுஞ்சொல்லுக்கு மழையில் போய்ப் படுத்த பிராணி அது. உன் குட்டிக்கு வெளியேறிப் போகவும் வழியில்லை. நான்காம் மாடியில் கதவைச் சாத்தினால் உன்னிடமிருந்து தப்ப அதற்கு இடமே கிடையாது. அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு நீ என்ன செய்கிறாய் என்பதுதான், தாயி, நீ எப்படிப்பட்டவள் என்பதை உனக்கே காட்டும்.

போகும்போது கையும் களவுமாகப் பார்த்துவிட்டால், ஒரு சின்னக் கைதட்டல், அவ்வளவுதான். நிறுத்தும். தூக்கிக்கொண்டு போய் ட்ரேயில் விடு. அங்கே மிச்சத்தை முடித்தால் கொஞ்சு. போய் முடித்த பின் பார்த்தாயா? துணியை எடு, துடை, நோட்டில் எழுது.

8. சரியாகப் போன கணத்திலேயே பாராட்டு. இரண்டு விநாடிக்குள். அடுப்படிக்குப் போய்த் தின்பண்டம் எடுத்து வந்து கொடுப்பதற்குள் அது எதற்கென்று மறந்திருக்கும். வேகவைத்த கோழித் துணுக்கோ கேரட் துண்டோ சின்னதாக உன் கையிலேயே இருக்கட்டும். போகும்போது ஒரே ஒரு சொல்லைச் சொல்லு, எந்தச் சொல் என்றாலும் சரி, தினமும் அதே சொல். ரஷ்யாவில் பாவ்லோவ் என்ற விஞ்ஞானி செரிமானத்தை ஆராயப் போய், அதற்காக 1904-இல் நோபல் பரிசும் வாங்கினார். சோறு கொண்டுவரும் ஆளின் காலடிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுகிறது என்று கண்டதும் அந்த ஆராய்ச்சியில்தான். உன் சொல்லுக்கும் அப்படி ஒரு நாள் அதன் உடம்பு பதில் சொல்லும். மழை நாளிலும் பயணத்திலும் அதன் அருமை தெரியும். ஆசைப்பட்டுச் சாக்லேட், திராட்சை, பாயசத்து உலர்திராட்சை, வெங்காயம் போட்ட குழம்பு எதையும் கொடுக்காதே. நாய்க்கு அவை விஷம்.

9. துடைப்பதில் சோம்பல் கூடாது. உன் மூக்குக்கு வாடை போய்விட்டது என்பது கணக்கில்லை. அதன் மூக்குக்கு இருந்தால் அங்கேயேதான் திரும்பப் போகும். அமோனியா கலந்த திரவங்கள் மூத்திர வாடையையே கூட்டும். பினாயில் ஊற்றிய ஈரத்தில் நடந்து குட்டி தன் பாதத்தை நக்கும். அது வயிற்றுக்கு ஆகாது. முதலில் துணியால் ஒற்றி எடு, தண்ணீரில் துடை, வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடை. மெத்தை, சோபாவுக்கு நொதி கலந்த திரவம் கடையில் கிடைக்கும்.

அப்புறம் இன்னொன்று. உன் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா தலையில் இதைக் கட்டாதே. நாயை ஆசைப்பட்டு வாங்கியது நீ. அதன் மலமூத்திரம் உன் கையால்தான் போக வேண்டும். நாள்தோறும் பார்த்தால்தான் அது இளகியிருக்கிறதா, பூச்சி தெரிகிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்பதும் உனக்குத் தெரியும்.

10. வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக இருங்கள். நீ சோபாவில் ஏறக் கூடாது என்கிறாய், மாப்பிள்ளை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறார், அத்தையோ திட்டுகிறார் என்றால் குட்டி யார் சொல்வதைக் கேட்கும்? கண்மாய்க்கு ஒரு மடை உடைந்தாலும் தண்ணீர் நிற்காது, அதுபோலத்தான் இதுவும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் உட்கார்ந்து, என்ன சொல், எந்த நேரம், யார் ராத்திரி எழுவது என்று பேசி முடிவு செய்யுங்கள். உன் அத்தைக்கு நாய் வீட்டுக்குள் இருப்பது பிடிக்கவில்லை என்றாய். அவர் வளர்ந்த காலத்தில் நாய்க்கு இடம் வாசல்தான். பூஜை அறையையும் அடுப்படியையும் தடுப்பு வைத்து அவருக்கென்று காப்பாற்றிக் கொடு. அந்த மரியாதையை நீ கொடுத்தால், குட்டிக்கு முதல் கவளம் வைக்கிறவர் அவராகத்தான் இருப்பார். அக்கா வீட்டில் அப்படித்தான் நடந்தது.

11. நீயும் மாப்பிள்ளையும் காலையில் ஆபீஸ் போய் ராத்திரி திரும்புகிறவர்கள் என்றால், ஒளிக்காமல் சொல்கிறேன்: இரண்டு மாதக் குட்டியை எட்டு மணி நேரம் அடைத்துவைத்துவிட்டுப் பழக்கம் வரவில்லை என்று சொல்ல உனக்கு உரிமை கிடையாது. முதல் இரண்டு மூன்று மாதம் மூன்று மணிக்கு ஒரு தடவையாவது வந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். வீட்டிலிருந்து வேலை, மாற்றி மாற்றி விடுப்பு, அத்தையின் உதவி, பக்கத்து வீட்டில் நாய்ப் பிரியம் உள்ள காலேஜ் பிள்ளை, ஏதாவது ஏற்பாடு செய். முடியாது என்றால், நேரம் இருக்கிற ஒரு வீட்டுக்குக் குட்டியைக் கொடுத்துவிடுவதும் அன்புதான்.

நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குட்டி சந்தோஷத்தில் ஒரு சொட்டு விடும். சில குட்டிகள் குனிந்து தொட்டாலே விடும். அது பழக்கக்கேடு இல்லை, மனம் நிரம்பி வழிவதும் அச்சமும்தான். திட்டினால் கூடும். உள்ளே வந்ததும் ஐந்து நிமிஷம் கண்டுகொள்ளாமல் இரு. அது அடங்கிய பின் பக்கவாட்டில் உட்கார்ந்து கொஞ்சு. வளர வளரப் போய்விடும்.

12. நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று தவறினால் முதலில் உடம்பைச் சந்தேகி. சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனால், முக்கினால், ரத்தம் கலந்தால் மூத்திரக் குழாயில் கிருமி இருக்கலாம். வாந்தியும் கழிச்சலும் சேர்ந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே, அன்றே போ. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. அதன் ஆஸ்பத்திரியில் பார்க்காத நோய் கிடையாது. மூன்று மாதம் முடிந்ததும் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்கிறபடி வருஷா வருஷம். மாடியைவிட்டு இறங்காத நாய்க்கு எதற்கு என்று கேட்காதே. அந்த நோய் வந்தபின் மருந்தில்லை, நாய்க்கும் இல்லை, மனிதனுக்கும் இல்லை.

13. அக்கம்பக்கத்தாரை மதி. குடியிருப்புச் சங்கம் நாயைத் தடை செய்யவோ, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவோ முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. 1962-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கப்பட்ட வாரியம் அது. இதைத் தெரிந்து வைத்துக்கொள். ஆனால் எடுத்தவுடன் இதை நீட்டாதே. லிஃப்டில் நாய்க்குப் பயந்த குழந்தை நின்றால் நீ அடுத்த தடவை ஏறு. கீழே இறங்கும்போது வாரும் பழைய பேப்பரும் பையும் கையில் இருக்கட்டும், போனதை நீயே அள்ளிப் போடு. கார் சக்கரத்திலோ அடுத்தவர் வாசல் கோலத்திலோ போகவிடாதே. மாநகராட்சி உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் தள்ளிப்போடாமல் முடித்துவிடு. அள்ளுகிறவள் என்று பெயர் வாங்கிவிட்டால் குட்டி குரைத்தாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

14. எத்தனை நாளில் முடியும் என்று கேட்பாய். நான்கிலிருந்து ஆறு மாத வயதுக்குள் பெரும்பாலும் ஒழுங்குக்கு வரும். சிறு இனம் சிலது ஒரு வருஷம்கூட எடுக்கும், ஷிட்ஸூ அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். நடுவில் பின்வாங்கும். ஆண் குட்டியென்றால் ஏழு எட்டு மாதத்தில் காலைத் தூக்கிச் சுவரில் அடையாளம் போடப் பார்க்கும். அப்போது சலிப்பு வரும். மறுபடி தடுப்பை வைத்து, மறுபடி ஒரு மூலையிலிருந்து ஆரம்பி. இரண்டாம் தடவை சீக்கிரம் முடியும்.

15. பொங்கலுக்கு வரும்போது குட்டியையும் கூட்டி வா. அதற்குள் ஊசியெல்லாம் முடிந்திருக்கும். புது வீட்டில் முதல் இரண்டு நாள் கண்ட இடத்தில் போகும். இங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். கொல்லையில் வேப்பமரத்தடி மண் இருக்கிறது, வந்ததும் நேராக அங்கே கொண்டுபோய் விட்டு உன் சொல்லைச் சொல்லு. கிடை ஆடுகள் போய்வருகிற ஊர், உண்ணி அதிகம். உண்ணிக் காய்ச்சல் நாயை வாட்டிவிடும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் மருத்துவரிடம் காட்டி உண்ணி மருந்து போட்டுவிடு, ஊசிச் சீட்டையும் மறக்காமல் பையில் வை.

பெரியப்பா